நகரத்துக் குப்பை, நம் வயலுக்கு உரமா? விஷமா?

"நகராட்சியில் மலிவாக உரம் கொடுக்கிறார்களே, வாங்கிப் போடலாமா?" நகரத்தை ஒட்டியுள்ள ஊர்களில் விவசாயிகள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஆட்டு எருவும் மாட்டு எருவும் விலை ஏறிக் கிடக்கும் நேரத்தில், நியாயமான கேள்விதான். தரமாக இருந்தால் தாராளமாகப் போடலாம். ஆனால், அந்த உரத்தின் தரம் நகராட்சிக் கிடங்கில் முடிவாவதில்லை. நகரத்தில் இருக்கும் ஒரு குடும்பம், காய்கறித் தோலையும் தீர்ந்துபோன பேட்டரியையும் ஒரே வாளியில் போடுகிறதா, தனித்தனியாகப் போடுகிறதா என்பதில்தான் முடிவாகிறது.

நம்மில் பலருக்கு மகனோ மகளோ, தம்பி குடும்பமோ நகரத்தில் இருக்கிறது. எனவே இந்தச் செய்தி இரு தரப்புக்கும் உரியது.

எதிர்த்து நின்ற கிராமம்

கேரள மாநிலம் ஆலப்புழை நகரத்தின் குப்பை, பல ஆண்டுகளாகப் பக்கத்தில் உள்ள சர்வோதயபுரத்தில் கொட்டப்பட்டு வந்தது. நாற்றமும் ஈயும் தாங்காத கிராம மக்கள், 2012-ல் குப்பை லாரிகளை உள்ளே விட மறுத்துவிட்டார்கள். நகரத் தெருக்களில் குப்பை தேங்கியது.

வேறு வழியில்லாத நிலையில், உருவான இடத்திலேயே குப்பையைத் தீர்ப்பது என்று நகரம் முடிவெடுத்தது. வீடுகளில் சாண எரிவாயுக் கலன் போன்ற சிறிய கலன்களும், குழாய் உரமுறையும் வந்தன. இடமில்லாத வீடுகளுக்காகத் தெருவோரங்களில் காற்றோட்டமுள்ள உரத்தொட்டிகள் அமைத்தார்கள். நான்கடி நீள, அகல, உயரமுள்ள தொட்டியில் சாணம், காய்ந்த இலை, சமையலறைக் கழிவு என்று அடுக்கடுக்காகப் போட்டு வந்தால், நிறைந்த பிறகு சுமார் 90 நாளில் உரம் கிடைக்கும். கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தும்பூர்முழி பண்ணையில் உருவான முறை இது. சாணமும் சருகும் நமக்குப் புதிதல்ல. நம் எருக்குழியைத்தான் நகரத் தெருவுக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள்.

கலந்த குப்பையால் வரும் கேடு

திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016, வீட்டுக் குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான குப்பை என்று மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லியிருந்தன. இது சுத்தத்துக்காக மட்டும் சொன்னதல்ல.

பேட்டரியில் காரீயமும் காட்மியமும் இருக்கின்றன. உடைந்த டியூப் லைட்டில் பாதரசம் இருக்கிறது. இவை காய்கறிக் கழிவோடு கலந்துவிட்டால், சல்லடையால் பிரிக்க முடியாது. மக்கியும் போகாது. உரத்தோடு வயலுக்கு வந்து மண்ணிலேயே தங்கிவிடும். கீரை, கிழங்கு வழியாக மறுபடி சாப்பாட்டுத் தட்டுக்குப் போகும். அந்தத் தட்டு நகரத்து வீட்டிலும் இருக்கலாம். கண்ணாடித் துண்டு நடவு நடும் பெண்களின் காலைக் கிழிக்கும். மீந்த சோற்றைப் பாலித்தீன் பையில் கட்டி வீசினால், மாடு பையோடு விழுங்கும். அது வயிற்றில் அடைத்து, மாட்டின் உயிருக்கே உலை வைக்கும்.

நகரத்து வீடுகள் செய்ய வேண்டியவை

* மூடியுள்ள 20 லிட்டர் வாளிகள் இரண்டு எடுத்துக்கொள்ளவும். பக்கவாட்டிலும் அடியிலும் சிறு துளைகள் போடவும். வடியும் நீருக்கு அடியில் ஒரு தட்டு வைக்கவும்.
* அடியில் இரண்டு அங்குலம் காய்ந்த இலை அல்லது தென்னைநார்க் கழிவு பரப்பவும். அன்றாடக் காய்கறித் தோல், டீத்தூள், வாடிய பூ ஆகியவற்றைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, ஒவ்வொரு முறையும் அதே அளவு சருகால் மூடவும்.
* தொடக்கத்தில் ஒரு கைப்பிடி சாணத்தூள் அல்லது ஒரு டம்ளர் புளித்த மோர் சேர்த்தால் வேகமாக மக்கும்.
* வாரம் ஒருமுறை கிளறவும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள், சருகு சேர்க்கவும். காய்ந்து கிடந்தால் நீர் தெளிக்கவும்.
* மீன், இறைச்சி, எண்ணெய்ப் பண்டங்களை இந்த வாளியில் போட வேண்டாம்.
* ஒரு வாளி நிறைந்ததும் மூடி வைத்து, அடுத்ததைத் தொடங்கவும். சுமார் இரண்டு மாதத்தில் மாடித் தோட்டத்துக்கு உரம் தயார்.
* பேட்டரி, பல்ப், காலாவதியான மாத்திரை, பெயின்ட் டப்பா ஆகியவற்றைத் தனிப் பெட்டியில் சேர்த்து, தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுக்கவும். உடைந்த கண்ணாடியையும் சானிட்டரி நாப்கினையும் தனித்தனியாகக் காகிதத்தில் நன்றாகச் சுற்றிக் கொடுத்தால், பிரிப்பவரின் கை தப்பும்.

விவசாயிகள் வாங்கும் முன் கவனிக்க

நகரக் கழிவு உரத்துக்கு, உரக் கட்டுப்பாட்டு ஆணையில் தரம் வகுக்கப்பட்டுள்ளது. தழைச்சத்து குறைந்தது 0.8 சதவிகிதம் இருக்க வேண்டும். உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் 4-க்கு மேல் போகக் கூடாது. ஒரு கிலோ உரத்தில் காரீயம் 100 மில்லிகிராமுக்கும், காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது. பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கணக்கையும் பாருங்கள். ஒரு டன் உரத்தில் தழைச்சத்து 8 கிலோ. அதாவது சுமார் 17 கிலோ யூரியாவில் உள்ள அளவு. அதுவும் முதல் பருவத்திலேயே முழுவதும் பயிருக்குக் கிடைக்காது. ஆகவே, இதை யூரியாவுக்கு மாற்றாக நினைக்காமல், மண்ணின் கரிமச்சத்தைக் கூட்டவும் ஈரம் பிடிக்கவும் உதவும் எருவாக நினைத்துப் போட வேண்டும். லாரி வாடகையையும் சேர்த்துப் பார்த்து, கட்டுப்படியானால் வாங்கலாம்.

வீட்டிலேயே மூன்று சோதனைகள் செய்யலாம்.

1. நல்ல உரம் கரும்பழுப்பு நிறத்தில், மழை பெய்த மண் வாசனையோடு இருக்கும். குவியலுக்குள் கை விட்டால் சூடு இருக்காது.
2. ஈரமாக்கிய உரத்தைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மூன்று நாள் கழித்துத் திறக்கவும். துர்நாற்றம் வந்தால் இன்னும் மக்கவில்லை.
3. ஒரு தொட்டியில் வெறும் மண்ணையும், இன்னொன்றில் பாதி மண், பாதி உரத்தையும் போட்டுப் பச்சைப்பயறு விதைக்கவும். உரத் தொட்டியில் முளைப்பு குறைந்தாலோ, முளை கருகினாலோ அந்த உரம் வேண்டாம்.

மூன்றிலும் தேறினாலும் முதல் பருவத்தில் பத்து சென்ட்டில் மட்டும் போட்டுப் பாருங்கள். இந்தச் சோதனைகள் காரீயத்தையோ காட்மியத்தையோ காட்டாது. அதற்கு ஆய்வறிக்கைதான் வழி. பழைய குப்பைமேட்டைக் கிளறிச் சலித்த மண்ணை, இலவசமாகக் கொடுத்தாலும் ஆய்வறிக்கை இல்லாமல் வயலில் கொட்ட வேண்டாம். ஒரு முறை கலந்த கனஉலோகத்தை வயலிலிருந்து எடுப்பது எளிதான வேலை அல்ல.

நகரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு அடுத்த முறை அரிசி மூட்டை அனுப்பும்போது, ஒரு பை காய்ந்த சாணத்தூளையும் சேர்த்து அனுப்புங்கள். எதற்கு என்று மருமகள் கேட்டால், மேலே உள்ள வாளி முறையைச் சொல்லிக் கொடுங்கள்.