காதலும் கடவுளும் கொலைக் கேஸும் ஒரே புத்தகத்தில்... தெரியுமா உங்களுக்கு?

கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறுங்கள். கச்சிராயபாளையம் தாண்டட்டும். கோமுகி அணைப் பக்கம் வந்து, வண்டி கல்வராயன் மலையின் முதல் வளைவில் முக்கி முனகித் திரும்பட்டும். அந்த நேரம் பார்த்து மடியில் ஒரு கிறிஸ்தவக் காதல் நாவல் விரிந்திருக்க வேண்டும்! வெளியே பள்ளம், உள்ளே கதாநாயகியின் உயிருக்கு ஆபத்து. எதைப் பார்ப்பது, எதை விடுவது? இந்தச் சுகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

"அதென்ன கிறிஸ்தவக் காதல் நாவல்? காதலுக்கு மதம் உண்டா?" என்று கேட்பீர்கள். ஒருவன், ஒருத்தி, இருவருக்கும் நடுவில் கடவுள். இந்த மூன்று பேரும் இல்லாமல் கதை நகராது. அவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடிப்பதோடு கதை முடிந்துவிடாது, தொலைத்த விசுவாசத்தையும் கண்டுபிடித்தாக வேண்டும். படுக்கையறைக் கதவு திறக்காது. ஆனால் நெஞ்சு படபடக்கும்! பழைய காலத்தில் நடந்தால் சரித்திரக் காதல், பின்னால் ஒரு கொலைகாரன் துரத்தினால் திகில் காதல். இந்த இரண்டு வகைக்குத்தான் உலகத்தில் வாசகர்கள் அலைமோதுகிறார்கள்.

அமெரிக்காவில் கேத்தரின் மார்ஷல் 1967-இல் எழுதிய 'கிறிஸ்டி' என்ற நாவல் இந்த வகைக்கு எவ்வளவு பெரிய பெயர் தெரியுமா? அங்கே சிறந்த கிறிஸ்தவ நாவலுக்குத் தரும் விருதுக்கே 'கிறிஸ்டி விருது' என்று பெயர்! கதை என்ன? பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி 1912-இல் அப்பலாச்சிய மலைக்கு டீச்சராகப் போகிறாள். ரோடு கிடையாது, சேறு, வறுமை, டைபாய்டு. ஒரு பக்கம் போதகர், ஒரு பக்கம் டாக்டர், நடுவில் அவள் மனசு. தன் அம்மாவின் இளமைக்கால அனுபவத்தைத்தான் மார்ஷல் கதையாக்கினார். வெள்ளிமலைக்கும் அதைத் தாண்டிய மலைக் கிராமங்களுக்கும் முதல் போஸ்டிங் வாங்கிப் போன டீச்சர்கள் யாராவது இதைப் படித்தால், அப்பலாச்சியா என்ற பெயரை அடித்துவிட்டுக் கல்வராயன் என்று எழுதிக்கொள்வார்கள். அவ்வளவு நெருக்கம்!

ஜேனட் ஓக் எழுதிய 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' 1979-இல் வந்தது. பிரான்சின் ரிவர்ஸின் 'ரிடீமிங் லவ்' 1991-இல் வந்தது. இதில் இரண்டாவது இருக்கிறதே, அது வேதாகமத்தில் ஓசியா தீர்க்கதரிசியின் கதை. ஓடிப்போகும் மனைவியை மறுபடி மறுபடி தேடிப் போய் அழைத்து வரும் கணவன்! அதை அப்படியே தூக்கி 1850-களின் கலிபோர்னியத் தங்க வேட்டைக்குள் வைத்துவிட்டார் ரிவர்ஸ். யோசித்துப் பாருங்கள், வேதாகமமே இந்த நாவல்களின் தாய்வீடு அல்லவா? வாற்கோதுமை அறுவடைக் களத்தில் ரூத்தும் போவாசும். கிணற்றடியில் ராகேலைப் பார்த்துவிட்டு அவளுக்காகப் பதினான்கு வருஷம் மாமனார் வீட்டில் உழைத்த யாக்கோபு. திகில் வேண்டுமா? எஸ்தர்! இன அழிப்புக்குத் தேதி குறித்தாயிற்று, ராணி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, கூப்பிடாமலே ராஜா முன்னால் போய் நிற்கிறாள். அந்தப் புத்தகத்தின் எபிரேய மூலத்தில் கடவுள் என்ற சொல்லே ஓரிடத்திலும் இல்லை, தெரியுமா? ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் இருக்கிறார் என்று வாசிக்கிறவர்களுக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

சரி, இதெல்லாம் அயல்நாட்டுச் சரக்கு என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் எனக்கு ஆவேசம் வரும். காதலையும் தெய்வத்தையும் திகிலையும் ஒன்றாகக் கட்டிய கதை நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்து மண்ணோடு சேர்ந்த ஒரு புலவன் பாடியது!

திருக்கோவிலூர் போயிருக்கிறீர்களா? பெண்ணையாற்றுக்குள் ஒற்றைப் பாறையாக நிற்கிறது கபிலர் குன்று. வள்ளல் பாரியின் மகளைப் பாதுகாப்பாக ஒப்படைத்துவிட்டுக் கபிலர் தீயில் புகுந்த செய்தியை அந்த ஊர் வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. அந்தக் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடி. அதில் 99 பூக்களின் பெயர் வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். கதையை யாராவது நமக்குச் சொன்னார்களா? தினைப்புனம் காத்துவிட்டு அருவியில் குளித்துப் பூப்பறிக்கும் பெண்கள். வேட்டை நாய்கள் வளைத்துக்கொள்கின்றன. அவற்றை அடக்கிக்கொண்டு வருகிறான் ஒருவன். அடுத்த நிமிஷம், மதம் பிடித்த யானை! அவன் அம்பை விடுகிறான், அவள் பிழைக்கிறாள். அதற்கப்புறம் அவன் செய்வதுதான் எனக்கு உயிர்: மலைமேல் உறையும் தெய்வத்தைத் தொழுது, அருவி நீரைக் குடித்து, "உன்னைக் கைவிட மாட்டேன்" என்று சத்தியம் செய்கிறான். தோழி இதையெல்லாம் செவிலித்தாயிடம் எடுத்துச் சொல்கிறாள். இதற்கு நம் இலக்கணத்தில் ஒரு பெயர் இருக்கிறது: அறத்தொடு நிற்றல். காதலை மறைக்காமல், அறத்தின் பக்கம் நின்று வெளியே சொல்வது. இன்றைக்கு உலகமெல்லாம் விற்கும் அந்த நாவல்கள் செய்வதும் இதைத்தான்!

கல்வராயன் மலைக்காரர்களின் பழங்கதையும் ஒரு சரித்திர நாவல்தான். காஞ்சியை விட்டுத் தெய்வம் கரியராமர் கிளம்ப, பின்னாலேயே பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி மலையேறி, போன போன இடத்தில் குடும்பம் அமைத்தார்களாம். விசுவாசத்துக்காக ஊரை விட்டுப் போய்ப் புது மண்ணில் துணை தேடுவது! இந்த ஒரு வரியை வைத்து எத்தனை அமெரிக்க நாவல்கள்!

இப்போது கச்சிராயபாளையத்துக்குத் திரும்புவோம். கச்சிராயர் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு இன்னொரு கச்சிராயர் ஞாபகம். உளுந்தூர்பேட்டையிலிருந்து விருத்தாசலம் பக்கம் போனால் முகாசாபரூர், அங்கே ஒரு பாளையக்காரர். பக்கத்தில் கோணான்குப்பம், அங்கே பெரியநாயகி மாதா கோயில். பிள்ளையில்லாத கச்சிராயருக்கு மாதா கனவில் வந்தாள், கோயில் எழுந்தது, பிள்ளை பிறந்தது என்று அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். கோயிலுக்குக் காரணமாக இருந்தவர் யார் தெரியுமா? இத்தாலியில் பிறந்த பெஸ்கி, நம் வீரமாமுனிவர்!

அவர் எழுதிய தேம்பாவணி 3,615 பாடல், 36 படலம். காப்பியத் தலைவன் யார்? இயேசு இல்லை! மரியாளின் கணவர் சூசையப்பர். யோசேப்பு என்றால் எபிரேயத்தில் 'பெருகச் செய்வார்' என்று பொருள். அதை வைத்து 'வளன்' என்று அழகாகத் தமிழ்ப் பெயர் சூட்டினார் முனிவர். மணமகனாக யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி வர, வளன் கையிலிருந்த கோல் பூத்துவிடுகிறது. மாதா கோயில்களில் சூசையப்பர் சிலை கையில் பூத்த கோலைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கோல்தான். பிறகு கல்யாணம். பிறகு கொடுங்கோல் அரசன் குழந்தையைக் கொல்லத் தேட, ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்கு ஓட்டம். காதல், விரதம், துரத்தல், அந்நிய தேசம்... 1726-இலேயே தமிழில்!

இன்னொன்று. 'ஏக்கம்' என்ற சொல்லில்லாமல் காதல் கதை எழுத முடியுமா? அந்தக் காலத்தில் மேலே புள்ளி வைத்தால் எ, வைக்காவிட்டால் ஏ. ஓலையில் புள்ளி குத்தினால் கிழிந்துவிடும் என்று யாரும் வைப்பதில்லை. குறிலா நெடிலா என்று படிக்கிறவர்தான் ஊகிக்க வேண்டும். எகரத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்து 'ஏ' ஆக்கி, ஒகரத்துக்குச் சுழி போட்டு 'ஓ' ஆக்கியவர் வீரமாமுனிவர் என்பார்கள். நாம் ஏங்குவதற்கு எழுத்துக் கொடுத்தவரே அவர்தான்!

தமிழின் முதல் நாவல் என்று எல்லோரும் சொல்லும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) ஒரு கத்தோலிக்கர் எழுதியது என்பது தெரிந்திருக்கும். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, முன்சீப். கதையில் ஞானாம்பாளுக்கும் பிரதாபனுக்கும் கல்யாணம் ஆகிறது, பிறகு கணவன் காணாமல்போகிறான். அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஆண்வேடம் போட்டுக்கொண்டு தேடிக் கிளம்புகிறாள். விக்கிரமபுரியில் பட்டத்து யானை அவள் கழுத்தில் மாலை போட, அரசனாகவே ஆகிவிடுகிறாள்! கபிலரின் யானை காதலைத் தொடங்கி வைத்தது, வேதநாயகத்தின் யானை காதலிக்கு முடி சூட்டியது. கிறிஸ்தவப் பிரசாரம் அந்த நாவலில் கிடையாது. கடவுள் நம்பிக்கையும் நீதியும் கதையின் ரத்தத்தில் ஓடுகின்றன, அவ்வளவுதான்.

கிருபாபாய் சத்தியநாதன் பெயரைக் கேள்விப்பட்டதுண்டா? 1862-இல் அகமத் நகரில் பிறந்து, டாக்டராகும் கனவோடு சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். உடம்பு ஒத்துழைக்கவில்லை, படிப்பு நின்றது. தங்கியிருந்த போதகர் வீட்டு மகன் சாமுவேல் கேம்பிரிட்ஜிலிருந்து திரும்பினார். 1883-இல் கல்யாணம்! தன் வாழ்க்கையையே 'சகுணா' என்ற நாவலாக ஆங்கிலத்தில் எழுதினார். 1887-88-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் தொடராக வந்தது. ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். அடுத்து 'கமலா' எழுதினார். 1894-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். வயது 32தான். நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

நாவல் இல்லை, நிஜம் ஒன்று சொல்லட்டுமா? கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல். அதற்கு முன் விழுப்புரம், அதற்கும் முன் தென்னார்க்காடு. அந்தத் தென்னார்க்காட்டில் 1860-களிலிருந்து வேலை செய்தது டேனிஷ் மிஷன். திருக்கோவிலூர் டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரி என்றால் நம் தாத்தா பாட்டிகள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அந்த மிஷனுக்கு 1916-இல் டென்மார்க்கிலிருந்து வந்தார் எஸ்தர் ஃபேரிங் என்ற இளம்பெண். 1917-இல் அகமதாபாத் ஆசிரமத்துக்குப் போய்க் காந்தியைப் பார்த்தார். பார்த்த நாளிலிருந்து வாழ்க்கையே மாறிவிட்டது! காந்தி அவருக்கு "என் அருமைக் குழந்தையே" என்று கடிதம் கடிதமாக எழுதினார். மிஷன் பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை, வெள்ளைக்கார அரசாங்கம் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. எஸ்தர் மிஷன் வேலையையே விட்டுவிட்டு ஆசிரமம் போனார். இதற்கு நடுவில் காதல்! அவர் மனம் கவர்ந்தவர் ஈ. கே. மேனன் என்ற டாக்டர். வெள்ளைக்காரப் பெண், இந்திய மாப்பிள்ளை, அந்தக் காலம்... எத்தனை வாய்கள் பேசியிருக்கும்! கல்யாணம் நடந்தது. பிறந்த பெண்களில் ஒருத்தியின் பெயர் என்ன தெரியுமா? தங்கை! டேனிஷ் அம்மா, மலையாள அப்பா, மகளுக்குத் தமிழ்ப் பெயர். காந்தியின் அந்தக் கடிதங்களை நவஜீவன் பதிப்பகம் 1956-இல் புத்தகமாகவே போட்டது. விசுவாசம், காதல், போலீஸ் கண்காணிப்பு, சரித்திரம்: இதைவிட ஒரு நாவலுக்கு என்ன வேண்டும்? இதைத் தமிழில் நாவலாக எழுத யாராவது வர மாட்டார்களா என்று நான் ஏங்காத நாளில்லை.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', 1964. எழுதியவர் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியை. கதை நடப்பது குமரி மாவட்டத்தில், பனைமரங்களுக்கு நடுவில், ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில். பெருமை மட்டும் மிச்சமிருக்கும் பழைய வீட்டுப் பெண் லிஸி. பனையேறியின் மகன் தங்கராஜ். சின்ன வயதில் பார்த்த பார்வை, வயசுக்கு வந்ததும் வீட்டுக்குள் அடைபட்ட பெண், வருஷக்கணக்கில் காத்திருப்பு. கோயில் மணி, ஜெபம், தாத்தா கண்ணப்பச்சியின் செல்லம். வட்டார வழக்கு தேனாகச் சொட்டும். அப்புறம் பாருங்கள், நிம்மதியாகப் படித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டில் ஒரு கொலை! பழி தங்கராஜ் தலையில் விழுகிறது. காதலன் ஜெயிலில், காதலி அடைபட்ட வீட்டில். இரண்டு பேருக்கும் மிச்சம் ஜெபம் ஒன்றுதான்.

கொலை செய்தது யார்? அதை மட்டும் சொல்ல மாட்டேன், எத்தனை முறை கேட்டாலும் சரி. லைப்ரரியில் கேட்டு வாங்கிக்கொண்டு காலையில் வெள்ளிமலை பஸ்ஸைப் பிடியுங்கள். ஜன்னலோர சீட் கிடைத்தால் நல்லது. மெல்லிய புத்தகம்தான், போய் வருவதற்குள் பாதிக்கு மேல் முடித்துவிடலாம். மீதியை முடிக்காமல் ராத்திரி தூங்க மாட்டீர்கள்!