எந்த வடிகாலின் தண்ணீர் இது?

கனடாவின் ஓக் ரிட்ஜஸ் மேட்டுநிலத்தில் ஊற்றெடுக்கும் ஒஷாவா ஓடை, ஒஷாவா நகரத்தின் நடுவே ஓடி ஒன்ராறியோ ஏரியில் கலக்கிறது. வழியெங்கும் மழைநீர் வடிகால்கள் வந்து சேர்கின்றன. ஓடையில் கழிவு தெரிந்தால், அது எந்த வடிகால் வழியே வந்தது என்று கண்டுபிடிப்பது லேசுப்பட்ட வேலையல்ல.

மேலே உப்பையோ ஒளிரும் சாயத்தையோ விட்டு, கீழே அளந்து பார்ப்பது பழைய வழி. இங்கே உப்பு குழப்பும். குளிர்காலத்தில் வீதிகளில் தூவும் உப்பே ஓடைக்குள் வந்துவிடுகிறது. சாயங்களிலோ ஒன்றோடொன்று குழம்பாமல் ஒரே நேரத்தில் விடக்கூடியவை சிலவே. பத்து வடிகால்களை ஒரே மழையில் சோதிக்கப் பத்து அடையாளங்கள் வேண்டும்.

அவற்றைத் தரக்கூடியது செயற்கை டி.என்.ஏ. இயற்கையில் இல்லாத வரிசையில், சுமார் நூறு எழுத்து நீளத்தில் அதைக் கோத்தெடுக்கலாம். வரிசையை மாற்றினால் புது அடையாளம். ஆனால் வெறும் டி.என்.ஏ.யை ஓடையில் விட்டால் நுண்ணுயிர்களும் வெயிலும் சிதைத்துவிடும்.

சூரிச் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கிராஸ் குழுவினர் 2013இல் வெளியிட்ட உறை முறை அழகானது. சுமார் 150 நானோமீட்டர் சிலிக்கா மணிகளின் மேற்பரப்பை நேர்மின்னேற்றம் உள்ளதாக மாற்றுகிறார்கள். எதிர்மின்னேற்றம் கொண்ட டி.என்.ஏ. தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் மெல்லிய சிலிக்காப் படலத்தை வளர்த்தால், டி.என்.ஏ. கண்ணாடிக்குள் பத்திரம். பிறகு நீர் மாதிரியில் ஃபுளோரைடுக் கரைசலால் கண்ணாடியைக் கரைத்து, கொரோனாக் காலத்தில் நமக்குப் பழகிப்போன பிசிஆர் சோதனையில் பெருக்குவார்கள். சுற்றுக்கு இரண்டு மடங்காக, 30 சுற்றில் ஒரு துண்டு நூறு கோடியைத் தாண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு? 2000 மே மாதம் ஒன்ராறியோவின் வோக்கர்ட்டனில் மாட்டெருவிலிருந்த ஈ.கோலை ஊர்க்கிணற்றில் கலந்து 7 பேர் இறந்தார்கள். 2,300 பேர்வரை நோயுற்றார்கள். பின்னர் சாயம் விட்டுப் பார்த்தபோது, கணினிக் கணிப்பைவிடப் பல மடங்கு வேகமாக நிலத்தடிப் பாறை வெடிப்புகளில் நீர் ஓடுவது தெரிந்தது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளும் சுண்ணாம்புப் பாறையில் தோண்டியவைதான். அங்குள்ள சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது சனங்கள் கேட்டதும் இதைத்தான்: எங்கிருந்து, எவ்வழியே வந்தது?

குறையும் உண்டு. சிலிக்கா நீரைவிடக் கனமானது. மணிகளில் ஒரு பங்கு வண்டலில் தங்கிவிடும். ஆகவே எங்கிருந்து வந்தது என்பதை டி.என்.ஏ. நன்றாகவே சொல்லும், எவ்வளவு வந்தது என்பதற்குச் சாயத்தையும் சேர்த்து விட்டு ஒப்பிட வேண்டும். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் 2012இல், மக்கிப்போகும் பாலிலாக்டிக் அமிலத்தால் டி.என்.ஏ.வுக்கு உறை செய்து காட்டினார்கள். ஒஷாவா ஓடையில் சால்மன் மீன் ஏறி வருகிறது. ஓடை போய்ச் சேரும் ஏரியின் நீரைத்தான் நாம் குடிக்கிறோம். இங்கே முதலில் சோதிக்க வேண்டியது அந்த மக்கும் உறையைத்தான் என்பேன்.