எங்கள் வீட்டுக் கணனிக்கு ஏற்ற இயங்குதளம் எது?

எமது வீட்டில் ஒரு பழைய கணனி இருக்கின்றது. மகள் தரம் 6 இல் படித்த காலத்தில், 2018 ஆம் ஆண்டு, 22,000 ரூபாவுக்கு வாங்கியது. அவள் பாடசாலைக்குச் சென்றதும் அது எனது தொழிற்கருவியாகிவிடும். எமது மாதர் சங்கத்துப் பெண்களுக்குக் கடிதங்களும் விண்ணப்பங்களும் ரைப் செய்து கொடுப்பேன். காணி, வீட்டுத்திட்டம், இறப்புப் பதிவு, காணாமற்போனோர் பற்றிய முறைப்பாடு என்று எழுதவேண்டிய கடிதங்களுக்கு எங்கள் பகுதியில் குறைவில்லை.

2023 இல் ஒருநாள் போட்டோக்கொப்பிக் கடைக்குக் கொண்டுசென்று வந்த பென்ட்ரைவைக் கணனியில் செருகினேன். மறுநாள் கோப்புறைகள் இருந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சிறு சின்னங்கள் மட்டுமே இருந்தன. எதை அழுத்தினாலும் திறக்கவில்லை. திருத்துமிடத்துக்குக் கொண்டு போனேன்.

"வைரஸ் அக்கா. போமற் பண்ணினால்தான் சரிவரும்" என்றார் அங்கிருந்த தம்பி.

போமற் பண்ணுவது என்றால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. தலையாட்டினேன். மாலையில் கணனி புதிதுபோல் வந்தது. ஐந்து வருடக் கடிதங்களில் ஒன்றும் இல்லை.

அவற்றுள் ஓர் அம்மாவின் கோப்பும் இருந்தது. 2009 இலிருந்து தன் மகனைத் தேடி அவர் எழுதிய கடிதங்களையெல்லாம் பார்த்துத் திகதிவாரியாகப் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். கடதாசிப் பிரதிகள் பின்னர் வெள்ளத்தில் பழுதாகிவிட்டன. என்னிடம் இருந்ததுதான் மிச்சம். விடயத்தைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனபோது எனக்கு நாக்கு எழவில்லை.

"பரவாயில்லை பிள்ளை. எல்லாம் எனக்குப் பாடம். நீ எழுது, நான் சொல்லுறன்" என்றார்.

இரண்டு பின்னேரங்கள் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு திகதிக்குக்கூட அவர் யோசிக்கவில்லை.

பிறகு ஒரு கணனிப் பயிற்சி வகுப்பில்தான் உண்மையை அறிந்தேன். அந்த வகை வைரஸ் கோப்புகளைப் பெரும்பாலும் அழிப்பதில்லை. மறைத்து மட்டுமே வைக்கும். லினக்ஸ் பதிந்த ஒரு பென்ட்ரைவினால் கணனியை இயக்கியிருந்தால் மறைந்த கோப்புகள் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். வேறிடத்தில் பிரதி எடுத்திருக்கலாம். அன்றுதான் லினக்ஸ் என்ற சொல்லைக் கவனமாகக் கேட்டேன்.

இயங்குதளம் என்றால் என்ன?

கணனியின் வன்பொருளையும் நாம் பாவிக்கும் மென்பொருட்களையும் இணைத்து வேலை வாங்குவது இயங்குதளம். பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இதைப் பணிசெயல் முறைமை என்பார்கள். எமக்குப் பழக்கமானது விண்டோஸ். அதன் அசல் உரிமத்தின் விலை 139 அமெரிக்க டொலர், அதாவது 40,000 ரூபாவுக்கு மேல். எனது கணனியின் விலையைவிட அது அதிகம். ஆகவே கடைகளில் திருட்டுப் பிரதியைத்தான் பதிந்து தருகின்றார்கள். என்னுடையதும் அப்படித்தான். அதிலிருந்த விண்டோஸ் 7 க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியுடனேயே நிறுத்தப்பட்டிருந்தன. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஐ எனது கணனி போன்ற பழைய இயந்திரங்கள் ஏற்பதில்லை.

லினக்ஸ் இதற்கு மாற்றானது. 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் ரோவால்ட்ஸ் அதன் கருவை எழுதி எல்லோருக்கும் வெளியிட்டார். கடையில் வாங்கும் கறித்தூள் பைக்கற்றில் என்ன சேர்த்திருக்கின்றார்கள் என்று எமக்கு முழுதாகத் தெரியாது. பக்கத்து வீட்டு ஆச்சி அளவும் பக்குவமும் எழுதித் தந்தால் நாமே இடிக்கலாம், உறைப்பைக் கூட்டலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம். திறந்த மூல மென்பொருள் என்பது இந்த இரண்டாவது வகை. பிரதி எடுப்பது குற்றமல்ல, அதற்குத்தான் தந்திருக்கின்றார்கள்.

எமது நாட்டுக்கும் இதில் ஒரு பங்குண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இலங்கைத் தொண்டர்கள் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்கு சகன என்ற திறந்த மூல மென்பொருளை உருவாக்கினார்கள். சிங்களத்தில் சகன என்றால் நிவாரணம். 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006 ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருதும் அதற்குக் கிடைத்தது.

எதைத் தெரிவு செய்தேன்?

லினக்ஸில் பல வகைகள் உண்டு. நான் மூன்றைப் பார்த்தேன். உபுண்டு அழகானது, ஆனால் 4 ஜிபி நினைவகமுள்ள எனது கணனிக்குப் பாரம். லுபுண்டு மிக இலேசானது. பழைய இயந்திரத்துக்கு நல்லது. மூன்றாவது லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஈ என்னும் இலேசான வகை. கீழே இடது மூலையில் பட்டியல், வலது மூலையில் மணிக்கூடு என்று விண்டோஸ் போலவே இருந்ததால் மகளுக்கும் எனக்கும் அரை நாளில் கைவந்துவிட்டது. அதையே வைத்துக்கொண்டோம்.

2024 இல் வெளிவந்த மின்ட் 22 ஆம் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். குறைந்தது 2 ஜிபி நினைவகம் வேண்டும். 4 ஜிபி இருந்தால் வசதி. 64 பிட் கணனியாக இருப்பதும் அவசியம்.

கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஒபிஸ் அதனுடனேயே வருகின்றது. "எனது பாடத்துக்கு இது சரிவருமா அம்மா?" என்று மகள் பயந்தாள். விரிதாளில் கூட்டுத்தொகைக்குச் சூத்திரம் எழுதும் முறை இரண்டிலும் ஒன்றுதான் என்று கண்டதும் பயம் போய்விட்டது.

தமிழில் எழுதுவது

எனக்கிருந்த பெரிய கவலை இதுதான். பாமினி எழுத்துருவில் பழகிய கை என்னுடையது. ஐபஸ் என்ற மென்பொருளையும் அதனுடன் சேரும் எம்17என் தொகுதியையும் நிறுவினால், தமிழ் விசைப்பலகைகளின் பட்டியலில் தமிழ்99 உடன் எமது நாட்டு ரெங்கநாதன் விசைப்பலகையும் இருக்கின்றது. அதன் எழுத்து வரிசை பாமினிக்கு நெருக்கமானது. சில நாட்களில் பழகிவிட்டது. எழுதுவது யுனிகோட்டில் அமைவதால் கைத்தொலைபேசியிலும் அப்படியே வாசிக்கலாம். பழைய பாமினி கோப்புகளைத் திறக்க அந்த எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவிக்கொள்ளலாம்.

குறைகளும் உண்டு

மைக்ரோசொப்ட் ஒபிஸ், பேஜ்மேக்கர், போட்டோஷொப் ஆகியவற்றை இதில் நேரடியாக நிறுவ முடியாது. சில அச்சுப்பொறிகள் மக்கர் பண்ணும், வாங்குமுன் விசாரியுங்கள். மற்றவர் வேர்ட்டில் அனுப்பும் படிவங்களில் கட்டங்கள் சிலவேளை இடம் மாறும். அனுப்பும்போது பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்புகின்றேன். விண்டோஸில் மட்டும் இயங்கும் கணக்கியல் மென்பொருளில் வேலை செய்யும் சகோதரிகள் விண்டோஸை அகற்ற வேண்டாம். இரண்டையும் ஒரே கணனியில் வைத்திருக்க வழியுண்டு.

மாற்றுவதற்கு முன்

முதலில் உங்கள் கடிதங்கள், படங்கள் அனைத்தையும் வேறு இடத்தில் பிரதி எடுங்கள். இதைச் செய்யாமல் எதையும் தொடவேண்டாம்.

மின்ட் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. நல்ல இணைய வசதியுள்ள இடத்தில் தரவிறக்கி, ரூபஸ் போன்ற மென்பொருள் மூலம் 8 ஜிபி பென்ட்ரைவில் பதியுங்கள். அந்தப் பென்ட்ரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். வெற்றுப் பென்ட்ரைவையே எடுங்கள். அதைச் செருகிக் கணனியை இயக்கும்போது டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 விசையை அழுத்தினால் பென்ட்ரைவைத் தெரிவு செய்யலாம். நிறுவாமலே லினக்ஸ் திரையில் வரும். ஒரு வாரம் இப்படியே பாவித்துப் பாருங்கள். ஒலி, இணையம், அச்சுப்பொறி எல்லாம் வேலை செய்கின்றனவா என்று கவனியுங்கள். திருப்தி என்றால் நிறுவுங்கள். வன்தட்டு முழுவதையும் அழிக்கவா என்று கேட்கும் இடத்தில் அவசரப்படாமல் வாசித்துப் பதில் சொல்லுங்கள்.

விண்டோஸிலேயே இருக்க விரும்பினாலும் இப்படியொரு பென்ட்ரைவைத் தயாரித்து அலுமாரியில் வையுங்கள். கணனி பழுதானால், திருத்தக் கொடுக்குமுன் உங்கள் கோப்புகளை நீங்களே எடுத்துக்கொள்ள அது உதவும்.

லினக்ஸில் வைரஸ் தொல்லை மிகக் குறைவு. எனினும் வன்தட்டு பழுதானால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது. அதனால் அந்த அம்மாவின் கோப்பு இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றது. கணனியில் ஒன்று, எனது அலுமாரியில் உள்ள பென்ட்ரைவில் ஒன்று. மூன்றாவது, அச்சடித்துப் பொலித்தீன் உறையிலிட்ட பிரதி. அது அவருடைய றங்குப் பெட்டியில் இருக்கின்றது.