பழைய வண்டிக்குப் புது எஞ்சின்: லாபம் எங்கே இருக்கிறது?

பாகூர்ப் பக்கத்துக் காய்கறி மூட்டைகளைத் தட்டாஞ்சாவடிக்கும், நூல் சிப்பங்களை முத்தியால்பேட்டைத் தறிகளுக்கும் கொண்டு சேர்க்கும் பழைய பிக்கப் வண்டி, சங்கத்தின் கையும் காலுமாக இருப்பது. ஆயினும் வரவு செலவு வாசிக்கும்போதெல்லாம் எண்ணெய்ச் செலவைப் பற்றிய கேள்வி எழாமலிருப்பதில்லை. “வண்டி நன்றாகத்தானே இருக்கிறது, எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டால் என்ன?” என்று அங்கத்தினர் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. இதனை நம் நாட்டு அனுபவத்தைக் கொண்டே ஆராய்வோம்.

எஞ்சின் மாற்றுவது புதிய யோசனையன்று. 1950-களில் சென்னை செம்பியத்துச் சிம்சன் கம்பெனியார் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்து வந்தனர். பெட்ரோல் லாரியில் டீசல் எஞ்சினைப் பொருத்தும் வழக்கம் அக்காலத்தில் பல நாடுகளிலும் இருந்தது. பின்னர் ஜீப் வண்டிகளின் முறை வந்தது. மகேந்திராவின் பழைய ஜீப்புகளில் இருந்தது 2.2 லிட்டர் கொள்ளளவுள்ள ஹரிகேன் பெட்ரோல் எஞ்சின். அந்தக் கம்பெனி 1979-இல் பிரான்சு நாட்டுப் பியூஜோ கம்பெனியிடம் உரிமம் பெற்று எக்ஸ்.டி.பி. 4.90 என்னும் டீசல் எஞ்சினைச் செய்ய முற்பட்டது. பிரெஞ்சுப் பெயர் நம் ஊராருக்கு அந்நியமன்று; எஞ்சினின் பெயரிலுள்ள எண்களையும் விளக்கிவிடலாம். 4 சிலிண்டர், ஒவ்வொன்றின் குறுக்களவு 90 மில்லிமீட்டர் என்பதே பொருள். கொள்ளளவு 2112 கன சென்டிமீட்டர். அதாவது பழைய பெட்ரோல் எஞ்சினைவிடச் சற்றுச் சிறியது. இருந்தும் எண்ணெய்ச் செலவு குறைந்தது. காரணம் யாது?

பெட்ரோல் எஞ்சின் காற்றை ஏழு பங்கில் ஒரு பங்காக அழுத்தினால், இவ்வகை டீசல் எஞ்சின் இருபது பங்குக்கு மேல் அழுத்துகிறது. அழுத்தம் மிகுந்தால், அதே எண்ணெயிலிருந்து கிடைக்கும் வேலையும் மிகும். மேலும், பெட்ரோல் எஞ்சினில் வேகத்தைக் குறைக்கக் காற்றின் வழியையே அடைக்க வேண்டும். அடைத்த வழியில் காற்றை இழுப்பதற்கே சக்தி வீணாகிறது. டீசலில் காற்று தடையின்றிப் போகும். எண்ணெயின் அளவு மட்டுமே குறையும். பாதிச் சுமையோடு நின்று நின்று போகும் நகரப் பாதையில் இந்த வேற்றுமை நன்கு தெரியும். இந்திரா காந்தி சதுக்கத்தைக் காலை நேரத்தில் கடந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

பிற்காலத்தில் வந்த டி.ஐ. எஞ்சின்கள் இன்னும் ஒரு படி மேல். முந்தியவற்றில் எண்ணெய் ஒரு சிறு அறையில் எரியத் தொடங்கிப் பின்பு சிலிண்டருக்குள் பரவும். அந்தச் சிறு அறையின் சுவர் வெப்பத்தைத் தின்றுவிடும். டி.ஐ. வகையில் எண்ணெய் நேரே சிலிண்டருக்குள் பீச்சப்படுவதால் 100-க்கு 10 முதல் 15 வரை மிச்சமாகிறது.

ஆனால் எஞ்சினை மட்டும் மாற்றி, பின் அச்சிலுள்ள கிரவுன் பினியனை மறந்துவிட்டால் இந்த மிச்சம் கரைந்துவிடும். பழைய ஜீப்புகளில் 5.38 விகிதப் பற்சக்கரம் இருந்தது. சக்கரம் ஒரு முறை சுற்ற எஞ்சின் 5.38 முறை சுற்ற வேண்டும். டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.27 மீட்டர் ஓடுவதாகக் கொண்டால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில், மேல் கியரில், எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3160 முறை சுழலும். மெதுவாகச் சுழலும் டீசல் எஞ்சினுக்கு இது மிகுதி. 4.27 விகிதமானால் 2510 சுழற்சியே போதும். டீசல் எஞ்சினின் கனத்தால் முன் ஸ்பிரிங்குகளும் கவனிக்கப்பட வேண்டும். ரேடியேட்டர், கிளட்ச், பாட்டரி இவற்றின் செலவும் மெக்கானிக் முதலில் சொல்லும் தொகையில் பெரும்பாலும் அடங்குவதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். வண்டி மாதம் 1200 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று கொள்வோம். செலவு 150 லிட்டர். மாற்றிய பின் 11 கொடுத்தால் 109 லிட்டர். மிச்சம் 41 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றால் மாதம் 3690 ரூபாய். வேலைக்கு ஒன்றரை லட்சம் பிடித்தால் முதல் திரும்ப 41 மாதங்கள் ஆகும். அதுவரை வண்டியின் சட்டமும் பாடியும் தாங்குமா என்பதே முதற் கேள்வி. நம் கடலோரத்து உப்புக் காற்று இரும்பை விடாது.

அதே வண்டியில் நாசில்களைச் சோதித்து, பம்பின் டைமிங்கைச் சரிசெய்து, பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கை விடுவித்து, டயருக்கு உரிய காற்றடைத்து, 8-ஐ 9 ஆக்கினால் மாதம் 17 லிட்டர் மிச்சம். 11-ஐ 12 ஆக்கினால் கிடைப்பதோ 9 லிட்டர்தான். கெட்டுப்போன வண்டியில்தான் சிறு பழுதுபார்ப்பும் பெரும் பயன் தரும் என்பதை இதனால் அறியலாம்.

பெட்ரோல் வண்டியை டீசலாக்குவோர் இன்னொன்றும் நினைவில் கொள்ள வேண்டும். அன்று டீசல் விலை பெட்ரோலைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. 2010-இல் பெட்ரோல் விலையும், 2014 அக்டோபரில் டீசல் விலையும் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்ட பின் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. நம் தந்தையர் காலத்துக் கணக்கு இன்று செல்லாது.

சட்டமும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறும்படி வண்டியை மாற்றலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அங்கீகாரம் பெற்ற கருவித் தொகுதியைக் கொண்டு எரிவாயுவுக்கோ மின்கலத்துக்கோ மாற்றச் சட்டத்திலேயே இடமுண்டு. மற்ற எஞ்சின் எதுவாயினும், முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு அனுமதி பெற வேண்டும். சான்றிலுள்ள எண்ணும் எஞ்சினிலுள்ள எண்ணும் வேறுபட்டால், விபத்து நேரும்போது இன்ஷூரன்ஸ் தொகை கிடைப்பதில் தகராறு எழும்.

ஆகவே, நிர்வாகக் கமிட்டியில் தீர்மானம் கொண்டுவரும் முன், டாங்க்கை விளிம்புவரை நிரப்பி, ஒரு மாதம் ஓட்டி, மறுபடி நிரப்பிய லிட்டரையும் ஓடிய தூரத்தையும் டிரைவரைக் கொண்டு எழுதி வைக்கச் செய்யலாம். சிறு பழுதுகளை நீக்கி இன்னொரு மாதமும் அவ்வாறே அளக்கலாம். அந்த இரண்டு தாள்களும், மெக்கானிக்கின் முழு மதிப்பீடும் மேசைமேல் வந்த பிறகு எஞ்சினைப் பற்றிப் பேசுவோம்.