பத்தாம் நம்பர் கண்ணாடி

வெல்டிங் ராடின் நுனி இரும்பைத் தொட்டு விலகும் நொடியில் பிறக்கும் மின்வில்லின் வெப்பம் சுமார் 6,000 டிகிரி செல்சியஸ். சூரியனின் மேற்பரப்பு வெப்பத்தை ஒட்டிய அளவு அது. அந்த வில்லிலிருந்து மூன்று வகைக் கதிர்கள் கிளம்புகின்றன: கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், தெரியாத புற ஊதாக் கதிர், தெரியாத அகச்சிவப்புக் கதிர். கண் கூசுவது முதலாவதால்தான். தெரியாத இரண்டும் கூசச் செய்வதில்லை. அதனாலேயே அவை படும்போது யாரும் கண்ணைத் திருப்பிக்கொள்வதில்லை.

புற ஊதாக் கதிர்களில் குறைந்த அலைநீளம் கொண்டவற்றைக் கண்ணின் முன்பக்கக் கண்ணாடியான கருவிழியே வாங்கிக்கொள்கிறது. அதைவிட நீண்டவை உள்ளே நுழைந்து விழிலென்சில் தங்குகின்றன. நீல வெளிச்சமும் அகச்சிவப்பின் ஒரு பகுதியும் அதையும் தாண்டி விழித்திரைவரை போகின்றன. ஆக, வில்லை வெறும் கண்ணால் பார்ப்பவருக்கு முன்பக்கம் முதல் பின்சுவர்வரை கண்ணின் ஒவ்வோர் அடுக்கிலும் ஏதோ ஒன்று படுகிறது.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் சாலைகளை ஒட்டிய கிரில் பட்டறைகளில் இதன் முதல் பலன் நன்றாகவே தெரிந்த ஒன்று. பகலில் 'வெளிச்சம் அடித்தால்' இரவில் கண் எரியும். ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே வலி தொடங்கும். தூக்கத்தில் விழித்தால் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும், நீர் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. கருவிழியின் மேல்தோல் செல்கள் கதிரால் செத்து உதிர்ந்து, அடியிலுள்ள நரம்பு நுனிகள் திறந்துகொள்வதால் வரும் வலி அது. மேல்தோல் வேகமாக வளரக்கூடியது என்பதால் பெரும்பாலும் ஓரிரு நாளில் வலி அடங்கிவிடுகிறது. இந்த விரைவான குணம்தான் ஆபத்தின் தொடக்கமும். 'ரெண்டு நாள்ல சரியாயிடும்' என்று இதைத் தொழிலின் வழக்கமாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த இரண்டு நாள் வைத்தியமும் பேசப்பட வேண்டியது. தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு வில்லை வைத்துக் கட்டுவது, பன்னீர் ஊற்றுவது எல்லாம் தலைமுறையாக நடக்கின்றன. மூடிய இமையின்மேல் சுத்தமான ஈரத்துணி வைப்பதில் தவறில்லை. குளிர்ச்சி வலியைக் குறைக்கும். மேல்தோல் உரிந்து நிற்கும் கருவிழிமேல் கிருமி நீக்காத எதையும் ஊற்றுவதுதான் தவறு. அந்தத் திறந்த புண்ணில் கிருமி புகுந்தால் கருவிழியில் புண் பிடித்து, ஆறிய பிறகும் வெள்ளைத் தழும்பு நின்றுவிடக்கூடும். மருந்துக்கடைகளில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகள் இதைவிடக் கவலை தருபவை. மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து உடனே சுகம் தரும். திரும்பத் திரும்ப விட்டால் மேல்தோல் வளர்வதையே தடுத்துக் கருவிழியைக் கரைக்கும். மருத்துவர் அதை ஒரு முறை பரிசோதனைக்காக விடுவது வேறு. பட்டறை அலமாரியில் பாட்டில் வைத்திருப்பது வேறு. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தமும் கண்புரையும் வரக்கூடும்.

வெளிச்சம் அடிபடுவதில் முதல் ஆள் வெல்டர் அல்லர் என்பதைப் பட்டறையில் அரை நாள் நின்று பார்த்தால் புரியும். சட்டத்தையோ குழாயையோ பிடித்துக்கொண்டு நிற்கும் ஹெல்ப்பர் பையன்தான் அவர். டேக் வைக்கும் வேலையில், அதாவது முழு இணைப்புக்கு முன் அங்கங்கே புள்ளியாகப் பற்றவைக்கும்போது, வில் அரை நொடி எரிந்து அணையும். அதற்காக யாரும் கண்ணாடியை எடுப்பதில்லை. 'கண்ணை மூடிக்கோ' என்பதுதான் அவருக்குக் கிடைக்கும் ஒரே பாதுகாப்பு. இமை மூடும் முன்பே முதல் மின்னல் கண்ணில் விழுந்துவிடுகிறது. கதிரின் தாக்கம் ஒரு நாளின் மொத்தக் கணக்காகச் சேர்வது. அரை அரை நொடியாக இருபது முறை வாங்கினாலும் பத்து நொடி வாங்கியதுதான். இளம் வயதில் விழிலென்ஸ் தெளிவாக இருப்பதால் நீல வெளிச்சம் குறையாமல் விழித்திரைக்குப் போகிறது. நடுப்பார்வை விழும் இடத்தில் அது சுட்டுவிட்டால் வலியே இருக்காது. பார்க்கும் எழுத்தின் மையத்தில் ஒரு மங்கல் புள்ளி மட்டும் தெரியும். கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்தவர்களுக்கு வரும் அதே கேடு. சிலருக்கு அது மாதங்களில் மறையும். சிலருக்கு மறைவதே இல்லை.

கடற்கரை இந்தக் கணக்கை இன்னும் கூட்டுகிறது. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம்வரை உப்புக்காற்று சாதாரண இரும்பை விரைவில் தின்றுவிடும். அதனால் கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகளிலும் வீடுகளிலும் படிக்கட்டுக் கைப்பிடி, வாயிற்கதவு என எவர்சில்வர் வேலைக்குத் தேவை அதிகம். எவர்சில்வரை இணைக்க ஏற்றது ஆர்கான் வெல்டிங். அதில் புகை குறைவு, பொறி குறைவு. பார்ப்பதற்குச் சாந்தமான சுடர். ஆனால் புகை மறைக்காததால் புற ஊதாக் கதிர் தடையில்லாமல் வெளியே வருகிறது. பளபளக்கும் தகடு அதைத் திருப்பியும் அனுப்புகிறது. முன்னால் மட்டும் மறைத்தால் போதாது. தகட்டில் பட்டுத் திரும்பும் கதிர் தாடைக்கு அடியிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் முகமூடிக்குள் நுழையும். வெட்டவெளியில் வேலை செய்பவருக்குச் சூரியனின் பங்கும் உண்டு. உலர்ந்த கடற்கரை மணல் தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்பும் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. வெண்விழியிலிருந்து கருவிழி நோக்கிச் சதை வளரும் கோளாறு வெயிலில் உழைப்பவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவதற்கு இந்தக் கதிரே முக்கியக் காரணம்.

கடற்காற்று ஒரு நல்ல பழக்கத்தையும் கொடுத்திருக்கிறது. காற்று அடித்தால் ஆர்கான் வாயு கலைந்து இணைப்பு கெட்டுவிடும். அதனால் சுற்றிலும் தட்டியோ தார்ப்பாயோ கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். அந்தத் தடுப்பே சாலையில் போகிறவர்களின் கண்ணையும் காக்கிறது. காற்றில்லாத நாளிலும், பள்ளி விடும் நேரத்தில் வாசலில் ராடு அடிக்கும் பட்டறையிலும் அது இருக்க வேண்டும். உள்ளூர்த் தட்டிக்குப் பெரிய செலவில்லை.

இனி, கருப்புக் கண்ணாடி. அதன் மூலையில் பொறித்திருக்கும் எண்தான் எல்லாம். எண் ஒன்று கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு குறையும். 3-ம் நம்பர் கண்ணாடி நூற்றில் பதினான்கு பங்கு வெளிச்சத்தை விடுகிறது. 10-ம் நம்பர் ஏழாயிரத்தில் ஒரு பங்கு. 11-ம் நம்பர் பத்தொன்பதாயிரத்தில் ஒரு பங்கு. சாலையோரம் விற்கும் கூலிங்கிளாஸ் இருட்டாகத் தெரிந்தாலும் 3-ம் நம்பரைக்கூடத் தாண்டாது. கேஸ் கட்டிங்குக்கும் சிறிய கேஸ் வெல்டிங்குக்கும் 4, 5 போதும். அதே கண்ணாடியோடு ராடு அடிக்க உட்காருவது வெறும் கண்ணுக்கு அடுத்தபடியான தவறு. பன்னிரண்டாம் கேஜ் எனப்படும் 2.5 மில்லிமீட்டர் ராடுக்கு 10-ம் நம்பர் பொருந்தும்; பத்தாம் கேஜ், அதாவது 3.15 மில்லிமீட்டருக்கு 10 அல்லது 11. எட்டாம் கேஜ் போட்டுக் கரண்ட்டை ஏற்றினால் 11 அல்லது 12. எண் இல்லாத கண்ணாடியை நம்பக் கூடாது. வெல்டிங் முகமூடிகளுக்கு ஐ.எஸ். 1179 என்ற இந்தியத் தரநிர்ணயம் 1967-லேயே வந்துவிட்டது.

எண் கூடக் கூடப் பாதுகாப்பு என்று நினைப்பதும் சரியல்ல. தேவைக்கு மேல் இருட்டான கண்ணாடியில் உருகிய உலோகக் குட்டையும் இணைப்பின் ஓரங்களும் தெரியாது. தெரியாதபோது வெல்டர் கண்ணாடியைச் சற்றே விலக்கி ஓரமாக எட்டிப் பார்ப்பார். கண்ணைக் கெடுப்பது அந்த எட்டிப் பார்த்தல்தான். கண்ணைக் காப்பதும் வேலையைத் தெளிவாகப் பார்ப்பதும் இரு வேறு காரியங்களாகப் பேசப்படுகின்றன. பட்டறையில் அவை ஒன்றேதான். தெளிவாகத் தெரிந்தால் யாரும் கண்ணாடியை இறக்க மாட்டார்கள். அதனால் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முறை இது: வேலைக்குச் சொல்லப்பட்டதைவிட இருட்டான ஒன்றில் தொடங்கி, குட்டை தெளிவாகத் தெரியும்வரை ஒவ்வோர் எண்ணாக இறங்க வேண்டும், அந்தக் கரண்ட்டுக்கு உரிய குறைந்தபட்ச எண்ணுக்குக் கீழே போகக் கூடாது.

தெரியாமல் போவதற்குக் கருப்புக் கண்ணாடி காரணமாக இல்லாத இடங்களும் பல. அதற்கு முன்னால் இருக்கும் வெள்ளைக் கண்ணாடியில் பொறி தெறித்துத் தெறித்துப் புள்ளி விழுந்து, புகை படிந்து மங்கிப்போயிருக்கும். முழு முகமூடியின் விலையோடு பார்த்தால் அதை மாற்றும் செலவு மிகச் சொற்பம். அதை மாற்றாமலே 'இந்த நம்பர் சரிப்படலை' என்பவர்கள் உண்டு. முதுகுக்குப் பின்னால் வாசலோ விளக்கோ இருந்தால் அந்த வெளிச்சம் முகமூடிக்குள் புகுந்து கண்ணாடியின் உட்புறம் பட்டுக் கண்ணிலேயே விழும். உட்காரும் திசையை மாற்றினாலோ, தலைக்குப் பின்னால் ஒரு துணியைத் தொங்கவிட்டாலோ போதும். வேலையின்மேல் நேராக ஒரு நல்ல விளக்கு விழுந்தால் வில் பிறக்கும் முன்பே கோடு தெரியும். பார்வை நிற்க வேண்டியதும் வில்லின்மேல் அல்ல, அதன் பின்னால் உறையும் குட்டையின்மேல்.

நாற்பதைத் தாண்டிய வெல்டர்களுக்கு வேறொரு சங்கடம் உண்டு. விழிலென்ஸ் இறுகி, கிட்டத்தில் உள்ளது மங்கும் வெள்ளெழுத்து அந்த வயதில் எல்லோருக்கும் வருவது. எழுத்து படிக்கும்போது தாளைத் தள்ளிப் பிடித்துச் சமாளிக்கலாம். வெல்டிங்கில் ஒன்றரை அடிக்குள் கண் இருந்தாக வேண்டும். இணைப்பு கோணலாகப் போக, கை நடுக்கம் வந்துவிட்டதாகவே பல அனுபவசாலிகள் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் பழுது கையில் இல்லை. கண்ணாடி போட்டிருந்தாலும் அது மேலே தூரம், கீழே கிட்டம் என்று பிரித்த வில்லையாக இருந்தால், முகமூடிக்குள் நேராகப் பார்க்கும்போது கிட்டப்பகுதி கண்ணுக்கு நேரே வராது. தலைக்குமேல் அடிக்கும் வேலையில் சுத்தமாக உதவாது. அந்தத் தூரத்துக்கென்றே முழு வில்லையும் ஒரே பவரில் செய்த கண்ணாடி ஒரு வழி. முகமூடியின் உட்புறம் செருகும் பெருக்கு வில்லை மற்றொரு வழி. 1 முதல் 2.5 பவர்வரை கிடைக்கிறது.

வில் பிறந்ததும் தானாகவே இருளும் முகமூடி 1980-களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் சந்தைக்கு வந்தது. வில் இல்லாதபோது அது 3 அல்லது 4-ம் நம்பர் அளவில் இருப்பதால் டேக் வைக்குமுன் இடம் தெளிவாகத் தெரியும். முன்பக்க உணரிகள் வில்லைக் கண்டதும் நொடியின் பல்லாயிரத்தில் ஒரு பங்குக்குள் திரவப் படிகப் படலம் இருண்டுவிடும். நல்ல தயாரிப்பில் புற ஊதா, அகச்சிவப்புத் தடுப்பு இருள்வதற்கு முன்னும் பின்னும் எப்போதும் இருக்கும். தலையில் மாட்டுவதால் இரண்டு கையும் விடுபடுகின்றன. ஹெல்ப்பருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தால் டேக் வைக்கும் வேலையின் பாதி ஆபத்து அன்றே தீரும். கவனிக்க வேண்டியவை சில: குழாய்க்குப் பின்னால் உணரி மறைந்தால் இருளாது, குறைந்த கரண்ட் ஆர்கான் சுடரைச் சில மாதிரிகள் உணர்வதில்லை, பேட்டரி தீர்ந்திருக்கலாம். காலையில் வேலை தொடங்குமுன் ஒரு முறை சோதித்துப் பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

வில் அணைந்த பிறகும் கண்ணுக்கு வேலை முடிவதில்லை. ஆறிய கசடைச் சுத்தியலால் தட்டும்போதும், கிரைண்டிங் வீல் ஓடும்போதும் பறக்கும் துகள்கள் கதிரைவிட அடிக்கடி கண்ணைத் தாக்குபவை. மாமல்லபுரத்தில் இந்தத் தொல்லை வெல்டர்களோடு நிற்பதில்லை. 2017-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த ஊர்க் கற்சிற்பத் தொழிலில் உளியோடு மின்சார அறுப்பு வீலும் சேர்ந்துவிட்டது. கருங்கல் சில்லும் உளி முனையின் இரும்புத் துணுக்கும் ஒரே வேகத்தில் தெறிக்கின்றன. சிலையில் கண் திறப்பதைக் கடைசிச் சடங்காகப் போற்றும் கைகள் அவை. அந்தச் சிற்பிகளின் கண்ணுக்குப் பக்கவாட்டும் மூடிய தெளிவான கண்ணாடி ஒன்றேனும் வேண்டும். வெல்டரும் முகமூடிக்குள் அதையே அணிந்திருந்தால், முகமூடியைத் தூக்கிக் கசடு தட்டும்போது அது கண்ணில் இருக்கும்.

இரும்புத் துகள் கருவிழியில் குத்தி நின்றால் சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கி, சுற்றிலும் பழுப்பு வளையம் விடும். துணி நுனியாலோ குண்டூசியாலோ காந்தத்தாலோ பட்டறையில் எடுப்பது கூடாது. மருத்துவர் மரத்துப்போகும் மருந்து விட்டு, பெரிதாக்கிக் காட்டும் கருவியின்கீழ் எடுப்பார். சுத்தியல் அடிக்கும்போது தெறித்த துணுக்கு கண்ணைத் துளைத்து உள்ளே போய்விட்டால் வலி குறைவாகவே இருக்கலாம். பார்வை மங்கினாலோ கருமணி உருமாறினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணைக் கசக்கவோ அழுத்திக் கட்டவோ கூடாது. ஒரு முறையேனும் கண்ணில் இரும்பு பட்டவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் முன் அதைச் சொல்லியாக வேண்டும். உள்ளே தங்கியிருக்கும் துணுக்கை அந்தக் கருவியின் காந்தம் நகர்த்திப் பார்வையைப் பறிக்கக்கூடும்.

தொழிலாளியின் கண்ணைக் காக்கும் பொறுப்பு நிர்வாகத்தினுடையது என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 35-வது பிரிவில் எழுதியது. மறைமலைநகரின் பெரிய ஆலைகளுக்கும் கல்பாக்கத்தின் அணுமின் வளாகத்துக்கும் பொருந்திய விதி அது. இரண்டு பேர் வேலை செய்யும் பட்டறையின் வாசலுக்கு எந்த ஆய்வாளரும் வருவதில்லை. அங்கே சட்டத்தின் இடத்தில் நிற்பவர் பட்டறை உரிமையாளர்தான். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலும் கண் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. போகிறவர்கள் 'வெல்டிங் வேலை' என்பதையும், கண்ணுக்கும் வேலைக்கும் இடையே எத்தனை அங்குலம் என்பதையும் அளந்து சொல்லுங்கள். கண்ணாடியின் பவர் அந்த அளவை வைத்தே எழுதப்படும்.