எதிர்காத்துக்கு யார் முன்னால போறது?

ஆடி மாசம் பல்லடத்திலிருந்து கோயமுத்தூர் பக்கமாக சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, நெஞ்சில் கை வைத்து, ‘எங்கடா போறே?’ என்று தள்ளும். அந்த நேரம் பார்த்து நூல் மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று மெதுவாக முன்னால் போனால்... அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு போவது சொர்க்கம்! (தயவுசெய்து வேண்டாம். டெம்போக்காரர் பிரேக் போட்டால் நிஜமாகவே சொர்க்கம்தான்!)

இந்த டெம்போ ரகசியத்தை நம்பித்தான் பிரான்ஸில் வருஷா வருஷம் மூன்று வாரம் ஒரு சைக்கிள் ரேஸ் நடக்கிறது. பெயர், டூர் டி பிரான்ஸ். ஒரே வித்தியாசம்... அங்கே டெம்போ கிடையாது. மனுஷன்தான் டெம்போ!

1903-ல் ‘லோட்டோ’ என்ற பத்திரிகை தன் விற்பனையைக் கூட்ட ஆரம்பித்த ரேஸ் இது. முதல் வருஷம் 60 பேர் கிளம்பி, 21 பேர்தான் முழுசாக முடித்தார்கள். அந்தப் பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சாகும். அதனால்தான் 1919-லிருந்து முன்னணியில் இருப்பவருக்கு மஞ்சள் பனியன். (பனியன் என்றதும் திருப்பூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது!)

2025-ம் வருஷ ரூட்டைப் பாருங்கள். ஜூலை 5 அன்று வடக்கே லீல் நகரத்தில் கிளம்பி, 27 அன்று பாரிஸில் முடிந்தது. மொத்தம் 21 கட்டங்கள், நடுவில் 2 நாள் ரெஸ்ட். சுமார் 3,300 கிலோமீட்டர். பல்லடத்தில் மிதிக்க ஆரம்பித்தால் கிட்டத்தட்ட காஷ்மீர் ஸ்ரீநகர் வரைக்கும்!

ஆரம்பத்தில் பெரும்பாலும் சமவெளி. பிறகு பிரனீஸ் மலை, கடைசி வாரம் ஆல்ப்ஸ். பதினெட்டாவது கட்டத்தில் மட்டும் ஏறின ஏற்றத்தைக் கூட்டினால் சுமார் 5,450 மீட்டர். புரியும்படி சொன்னால், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஒரே நாளில் கிட்டத்தட்ட மூணு தடவை! அந்தக் கட்டம் முடிந்த இடம் 2,304 மீட்டர் உயரம். நம்ம ஊட்டியை விடக் கொஞ்சம் ஒசத்தி.

மறுநாள் ஒரு வேடிக்கை. இல்லை, வருத்தம். பாதையில் ஓர் இடத்தில் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் வந்து, மந்தையையே அழிக்க வேண்டிய நிலைமை. விவசாயிகளின் மனசு தெரிந்து, 130 கிலோமீட்டர் கட்டத்தை 93 ஆக வெட்டிவிட்டார்கள். மாட்டின் அருமை தெரிந்த கொங்கு நாட்டுக்காரர்கள் இதற்கு ஒரு கும்பிடு போடலாம்.

சரி, டீமுக்கு வருவோம். 2025-ல் 23 டீம்கள், டீமுக்கு 8 பேர், ஆக 184 பேர். எட்டில் ஒருத்தர் தலைவர். மற்ற ஏழு பேருக்கு என்ன வேலை? அங்கேதான் நம்ம ஆபீஸ் ஞாபகம் வரும்! முன்னால் போய் எதிர்காத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் ஒட்டி வருகிறவருக்கு உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம். டீம் கார் வரை பின்வாங்கிப் போய், தண்ணீர் பாட்டில்களைப் பனியனுக்குள் திணித்துக்கொண்டு மறுபடி முன்னால் வர வேண்டும். இவர்களுக்கு பிரெஞ்சில் ‘தொமெஸ்தீக்’ என்று பெயர். அர்த்தம், வீட்டு வேலைக்காரர்!

1934-ல் ரெனே வியத்தோ என்று 20 வயசுப் பையன். மலை ஏற்றத்தில் புலி. மஞ்சள் பனியன் அவனுடைய தலைவர் மான்யேவிடம். பிரனீஸ் மலை இறக்கத்தில் தலைவரின் சக்கரம் உடைந்தது. வியத்தோ தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வேறு சக்கரம் வரும் வரை ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்து அழுதான். ஒருத்தரை ஒருத்தர் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்...

மறுநாள்? மறுபடி தலைவருக்கு ரிப்பேர்! முன்னால் போய்விட்ட வியத்தோ திரும்பி, மேடேறிப் போய்ச் சைக்கிளையே கொடுத்தான். அந்த வருஷம் மான்யே ஜெயித்தார். வியத்தோவுக்கு ஐந்தாம் இடம். பிறகும் பல வருஷம் ஓட்டினார். டூரை மட்டும் ஜெயிக்கவே இல்லை.

2025-ல் ஜெயித்தவர் ஸ்லோவேனியாவின் தாடே போகாச்சார். நான்காவது வெற்றி. சுமார் 76 மணி நேரம் மிதித்து, இரண்டாவது வந்தவரை முந்தியது 4 நிமிஷம் 24 விநாடி. ஒரு டீ ஆறுகிற நேரம்! பரிசு 5 லட்சம் யூரோ. ஆனால் ஜெயித்தவர் அதைத் தன் பைக்குள் போட்டுக்கொள்வதில்லை. டீமில் எல்லோருக்கும் பங்கு பிரிப்பது அங்கே காலம்காலமான வழக்கம். போட்டோவில் ஒருத்தர், பணத்தில் எல்லோரும்!

நம்ம ஆபீஸில் போட்டோவில் மேனேஜர் இருக்கட்டும், தப்பில்லை. தண்ணி பாட்டில் சுமந்தவனுக்கு இன்கிரிமென்ட் வருகிறதா என்பதுதான் கேள்வி.

அடுத்த ஆடிக்கு ரெண்டு பேராக சைக்கிளில் கிளம்பினால், “ஏனுங்ணா, சித்த நேரம் நான் முன்னால போறனுங்க, நீங்க பின்னால வாங்க” என்று சொல்லிப் பாருங்கள். காற்று அதேதான். கோயமுத்தூர்தான் கொஞ்சம் கிட்டே வந்திருக்கும்.