சாட்டிலைட் இன்டர்நெட் அடிக்கடி கட் ஆகுதா? காசை எடுக்கிறதுக்கு முன்னாடி கட் ஆகுற நேரத்தை எழுதுங்க!

"இனிமே வீட்டுல இருந்தே வேலை பார்க்கலாம்"னு கம்பெனி சொன்னதும் மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடும். சென்னையிலயோ பெங்களூர்லயோ ரூம் வாடகை, மெஸ், பஸ் எல்லாம் சேர்த்து மாசம் 12,000 ரூபாய் போகுதுன்னு வச்சுக்கோங்க. சொந்த ஊருக்கு வந்துட்டா வருஷத்துக்கு 1,44,000 ரூபாய் மிச்சம். அதை வச்சு எஜுகேஷன் லோனை சீக்கிரம் அடைக்கலாம், எஸ்.ஐ.பி.யைக் கூட்டலாம்.

ஆனா அந்த மொத்தக் கணக்கும் வீட்டு இன்டர்நெட்டை நம்பித்தான் நிக்குது. உங்க சம்பளம் 40,000, மாசத்துக்கு 22 வேலை நாள்னு எடுத்துக்கிட்டா ஒரு நாள் சம்பளம் 1,818 ரூபாய். நெட் இல்லாம ரெண்டு நாள் லாஸ் ஆஃப் பே ஆனாலே 3,636 ரூபாய் போச்சு. மேனேஜர் முகம் சுளிக்கிறதுக்கு விலை தனி.

இன்னைக்கு பாலவனத்தத்தை உதாரணமா எடுத்துப்போம். விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவுல இருக்கிற ஊர். 1901ல மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கின பாண்டித்துரைத் தேவர் இந்த ஊர் ஜமீன்தார். மெயின் ரோட்டு வீட்டுல கிடைக்கிற மொபைல் சிக்னல், ஊருக்கு வெளிய காட்டுப் பக்கம் இருக்கிற வீட்டுல அதே மாதிரி கிடைக்கும்னு சொல்ல முடியாது. திருச்சுழி பக்கம் போனாலும் இதே கதைதான். அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் சாட்டிலைட் இன்டர்நெட்.

முதல் கேள்வி: சாட்டிலைட் உங்களுக்கு வேணுமா?

ஃபைபர் கிடைச்சா ஃபைபர்தான். இதுல ரெண்டாவது யோசனையே வேண்டாம். தமிழ்நாட்டுல 12,525 கிராம ஊராட்சிகளை ஃபைபரால இணைக்கிற பாரத்நெட் வேலையை டான்ஃபினெட் நிறுவனம் பார்க்குது. உங்க ஊராட்சி ஆபீஸ் வரைக்கும் லைன் வந்திருக்கா, வீட்டுக்கு இழுக்க முடியுமான்னு லோக்கல் கேபிள் ஆபரேட்டர்கிட்ட விசாரிங்க. அது இல்லைன்னா 5ஜி ஏர்ஃபைபர். அதுவும் எட்டலைன்னா மட்டும் வானத்தைப் பாருங்க.

வானத்துல ரெண்டு வகை இருக்கு

முதல் வகை, பூமியில இருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்துல ஒரே இடத்துல நிக்கிற மாதிரி சுத்துற சாட்டிலைட். நம்ம ஏ.டி.எம்., பேங்க் கிளைகள்ல இருக்கிற வீசாட் டிஷ் இந்த ரகம். இஸ்ரோவோட ஜிசாட்-11, ஜிசாட்-29 சாட்டிலைட்டுகளை வச்சு ஹியூஸ் நிறுவனம் 2022 செப்டம்பர்ல அதிவேக பிராட்பேண்ட் தொடங்குச்சு.

இதுல ஒரு இயற்கைத் தடை இருக்கு. நீங்க ஒரு பட்டனை அழுத்தினா அந்தத் தகவல் மேல போய், கீழ வந்து, பதிலும் அதே மாதிரி மேல போய்க் கீழ வரணும். நாலு தடவை 35,786 கிலோமீட்டர். ஒளியோட வேகத்துல போனாலே கிட்டத்தட்ட 480 மில்லிசெகண்ட், அதாவது அரை செகண்ட். அதனால வீடியோ கால்ல நீங்க பேசினது கொஞ்சம் லேட்டாத்தான் போகும், ஆபீஸ் வி.பி.என். இழுக்கும். இதை எந்த ரவுட்டராலயும் சரி பண்ண முடியாது. ஆயிரக்கணக்குல செலவு பண்றதுக்கு முன்னாடி இதைப் புரிஞ்சுக்கணும்.

ரெண்டாவது வகை, ஸ்டார்லிங்க் மாதிரி சுமார் 550 கிலோமீட்டர் உயரத்துல ஓடுற கூட்டம். அதே நாலு பயணத்துக்கு 7 மில்லிசெகண்ட் போதும். நடைமுறையில மத்த தாமதங்களும் சேரும், இருந்தாலும் வீடியோ காலுக்குத் தாராளம். இந்தியாவுல ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூன்ல தொலைத்தொடர்புத் துறை உரிமமும், ஜூலைல இன்-ஸ்பேஸ் அனுமதியும் கிடைச்சது. அதே டிசம்பர்ல மாசம் 8,600 ரூபாய், கருவிக்கு 34,000 ரூபாய்னு வெப்சைட்ல ஒரு விலை தெரிஞ்சது. அது சோதனைக்காகப் போட்ட தரவு, நிஜ விலை இல்லைன்னு நிறுவனமே சொல்லிடுச்சு. அதனால அந்த நம்பரை வச்சு பட்ஜெட் போடாதீங்க.

பழசையும் ஞாபகம் வச்சுக்கோங்க. 2021ல உரிமம் கிடைக்கிறதுக்கு முன்னாடியே 99 டாலர் கட்டி இங்க பலர் முன்பதிவு பண்ணாங்க. நவம்பர்ல மத்திய அரசு "சந்தா கட்டாதீங்க"ன்னு எச்சரிக்கை விட்டுச்சு. அப்புறம் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாச்சு. அட்வான்ஸ் புக்கிங்னு யார் லிங்க் அனுப்பினாலும் பணம் கட்டாதீங்க. வெளிநாட்டுல இருந்து டிஷ்ஷைப் பெட்டியில வச்சுக் கொண்டு வர்ற ஐடியாவும் வேண்டாம். அனுமதி இல்லாத ஒயர்லெஸ் கருவியை வச்சிருந்தா சட்டச் சிக்கல் வரும்.

நம்ம வெயில்லயும் மழையிலயும் இது எப்படி ஓடும்னு தெரிஞ்சுக்கணும்னா யாழ்ப்பாணத்துல இருக்கிற சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் யாராவது வச்சிருக்காங்களான்னு கேளுங்க. இலங்கையில 2025 ஜூலைல சேவை தொடங்கிடுச்சு. பாலவனத்தமும் யாழ்ப்பாணமும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை, சுமார் 9.5 டிகிரி. வடகிழக்குப் பருவமழையும் ரெண்டு ஊருக்கும் பொது. யூடியூப்ல வர்ற அமெரிக்க ரிவ்யூவை விட அவங்க அனுபவம் உங்களுக்கு உபயோகம்.

அளக்காம ஆளைக் கூப்பிடாதீங்க

கனெக்‌ஷன் இருக்கு, ஆனா படுத்துது. முதல் வேலை, ஒரு நோட்டு எடுங்க. மூணு நாள், காலை 7 மணி, மதியம் 2 மணி, ராத்திரி 9 மணிக்கு ஸ்பீடு டெஸ்ட் போட்டு எழுதுங்க. டவுன்லோடு, அப்லோடு, பிங் மூணும் வேணும். ஒவ்வொரு தடவையும் ரெண்டு டெஸ்ட்: ஒண்ணு லேப்டாப்பை லேன் கேபிள்ல ரவுட்டரோட நேரா மாட்டி, இன்னொண்ணு நீங்க வழக்கமா உக்கார்ற இடத்துல வைஃபைல.

லேன்ல நல்லா வந்து வைஃபைல விழுந்தா சாட்டிலைட் மேல எந்தத் தப்பும் இல்லை. வீட்டுக்குள்ளதான் கசிவு. ரவுட்டரை பீரோவுக்குப் பின்னாடி இருந்து எடுத்து, நடு வீட்டுல ஆள் உயரத்துல வைங்க. பழைய வீட்டுத் தடிச் சுவரைத் தாண்ட 5 கிகாஹெர்ட்ஸ் திணறும். அந்த ரூமுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ்ல மாத்திப் பாருங்க. செலவு பூஜ்யம். அப்பவும் சரியா வரலைன்னா வேலை பார்க்கிற மேஜை வரைக்கும் ஒரு கேட்-6 கேபிள் இழுத்துடுங்க. விலை அதிகமான மெஷ் ரவுட்டர் வாங்குறதை விட இது மலிவு, நம்பகமும் அதிகம்.

கட் ஆகுற நேரமே காரணத்தைச் சொல்லும்

லேன்லயும் மோசமா வந்தா எப்பெப்ப கட் ஆகுதுன்னு பாருங்க.

*சில நிமிஷத்துக்கு ஒரு தடவை சில செகண்ட் மட்டும் கட்:* தாழ்வா ஓடுற சாட்டிலைட் வகையில இது பெரும்பாலும் மறைப்பு. டிஷ்ஷுக்கு சுமார் 110 டிகிரி அகலத்துக்குத் திறந்த வானம் வேணும். தோராயமா ஒரு கணக்கு: டிஷ்ஷுல இருந்து 10 மீட்டர் தள்ளி இருக்கிற மரம், டிஷ் மட்டத்துக்கு மேல 7 மீட்டரைத் தாண்டினா குறுக்க வரும். வேப்பமரம், தென்னை, பக்கத்து வீட்டு மாடித் தண்ணி டேங்க் எல்லாத்தையும் பாருங்க. ஆப்ல இருக்கிற மறைப்பு ஸ்கேனை டிஷ் வைக்கப்போற இடத்துலயே நின்னு எடுங்க. வீசாட்டுக்கு இந்தப் பிரச்சினை நம்ம ஊர்ல கம்மி. 74 டிகிரி கிழக்குல இருக்கிற ஜிசாட்-11, பாலவனத்தத்துல இருந்து பார்த்தா தெற்குல லேசா மேற்கு தள்ளி, சுமார் 78 டிகிரி உயரத்துல, கிட்டத்தட்ட உச்சிக்கே வந்துடுது.

*காத்தடிச்சா கட்:* ஸ்டாண்ட் போல்ட் லூஸ். ஆடிக் காத்து சும்மா விடாது. முக்கால் மீட்டர் வீசாட் டிஷ் பார்க்கிற கோணம் சுமார் 2 டிகிரிதான். கொஞ்சம் திரும்பினாலும் சிக்னல் போயிடும். போல்ட் ஆடுதான்னு நீங்க பார்க்கலாம். ஆனா வீசாட்டைத் திருப்புற வேலை டெக்னீஷியனோடது. அது சிக்னல் அனுப்பவும் செய்யுது, ஓடும்போது முன்னாடி போய் நிக்காதீங்க.

*மதியம் 1 மணில இருந்து 4 மணி வரை கட்:* சூடு. ஸ்டார்லிங்க் டிஷ் 50 டிகிரி வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கு. அது சுத்தி இருக்கிற காத்தோட வெப்பம். சித்திரை, வைகாசி வெயில்ல மொட்டைமாடித் தரை அதை விட அதிகமா கொதிக்கும். டிஷ்ஷைத் தரையோட வைக்காம, காத்து அடியில போற மாதிரி பைப் ஸ்டாண்டுல தூக்கி வைங்க. தகரக் கூரை மேல வேண்டவே வேண்டாம்.

*மழையில மட்டும் கட்:* டி.டி.எச். டி.வி. மழையில நிக்கிற அதே காரணம். இதுக்கு வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை, பேக்கப் மட்டும்தான். மழை நின்னு ஒரு மணி நேரம் ஆகியும் வரலைன்னா கனெக்டர்ல தண்ணி இறங்கியிருக்கும். வெளிய இருக்கிற ஒவ்வொரு ஜாயின்ட்டையும் காய வச்சு, தண்ணி புகாத டேப் சுத்தச் சொல்லுங்க. அணில் கடிச்ச கேபிளையும் அப்பவே பார்த்துடலாம்.

*ராத்திரி 8 மணிக்கு மேல மெதுவு:* கூட்டம், இல்லைன்னா உங்க பிளானோட டேட்டா லிமிட் முடிஞ்சிருக்கும். டிஷ்ஷைக் கழட்டாதீங்க, பிளானைப் படிங்க. பெரிய டவுன்லோடு, விண்டோஸ் அப்டேட் எல்லாத்தையும் விடியற்காலைக்கு மாத்துங்க.

*கரண்ட் கண் சிமிட்டினா கட்:* இன்வெர்ட்டர் மாறுற அந்த நொடியில டிஷ் அணைஞ்சு, திரும்ப எழுந்து சிக்னல் பிடிக்கச் சில நிமிஷம் ஆகும். உங்க மீட்டிங் அதுக்குள்ள பாதி முடிஞ்சிருக்கும். டிஷ், ரவுட்டர் ரெண்டுக்கும் சேர்த்து ஒரு சின்ன யு.பி.எஸ். போட்டா இது நிக்கும். இரும்புக் கம்பத்துக்கு எர்த், பிளக்குக்கு சர்ஜ் புரொடெக்டர் ரெண்டும் இடி சீசனுக்கு முன்னாடியே போடுங்க.

யாரும் சொல்லாத செலவு: கரண்ட் பில்

ஸ்டாண்டர்ட் ஸ்டார்லிங்க் டிஷ் சராசரியா 75 முதல் 100 வாட் இழுக்கும். 24 மணி நேரமும் ஓடினா ரெண்டு மாச பில்லுல 108 முதல் 144 யூனிட் கூடும். நம்ம ஊர் பில்லுல யூனிட் கூடக் கூட ஸ்லாப் மாறும். ஏற்கெனவே ஸ்லாப் விளிம்புல இருக்கிற வீடா இருந்தா, அப்பாவுக்கு வர்ற பில் திடீர்னு எகிறும். தூங்கும்போது அணைச்சுடுங்க, இல்லைன்னா ஆப்ல ஸ்லீப் டைம் போடுங்க.

இன்வெர்ட்டர் கணக்கும் போட்டுக்கோங்க. 12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரின்னா 1,800 வாட் அவர். பாதியைத்தான் நம்ப முடியும்னு வச்சாலும் 900. டிஷ் மட்டும் ஓடினா 9 மணி நேரம், ஃபேன் லைட் சேர்ந்தா அதுல பாதி கிடைக்கலாம்.

காசை இந்த வரிசையில போடுங்க

முதல்ல காசே இல்லாத வேலைகள்: அளவு, ரவுட்டர் இடம், டிஷ் இடம், பிளான் படிக்கிறது. ரெண்டாவது சில நூறு ரூபாய் வேலைகள்: கேபிள், டேப், போல்ட், சர்ஜ் புரொடெக்டர். மூணாவது பேக்கப் சிம். உங்க வீட்டு மாடியில எந்த கம்பெனி 4ஜி கொஞ்சமாவது எடுக்குதோ அந்த சிம். வேகம் கம்மியா இருந்தாலும் ஆடியோ மட்டும் வச்சு மீட்டிங்கை ஓட்டிடலாம். மாசம் 300 ரூபாய்னு வச்சாலும் ஆறு மாசத்துக்கு 1,800. உங்க ஒரு நாள் சம்பளம். ஆறு மாசத்துல ஒரே ஒரு லீவைக் காப்பாத்தினாலே போட்ட காசு திரும்ப வந்துடுச்சு. நாலாவது யு.பி.எஸ். இதெல்லாம் பண்ணியும் நோட்டுல நம்பர் ஏறலைன்னா மட்டும் புது கருவி, பெரிய பிளான்.

புது கருவி வாங்குறதா இருந்தா மொத்த விலையை 36 மாசத்தால வகுத்து, மாச வாடகை, கரண்ட் ரெண்டையும் கூட்டுங்க. உதாரணத்துக்கு கருவி 30,000 ரூபாய்னா மாசத்துக்கு 833. வாடகை 3,000, கரண்ட் 350னு வச்சா மொத்தம் 4,183 ரூபாய். மிச்சமாகிற 12,000ல இது போனாலும் 7,800க்கு மேல கையில நிக்குது, அப்ப அது நியாயமான செலவு. மாசத்துல பத்து நாள் மட்டும்தான் ஊர்ல இருப்பீங்கன்னா ரூம் வாடகையும் போகும், இதுவும் போகும். அப்ப கணக்கு கட்டாது.

பில் உங்க பேர்லயே இருக்கட்டும். இன்டர்நெட் செலவைத் திருப்பித் தர்ற கம்பெனிகள் உண்டு. ஹெச்.ஆர். கிட்ட ஒரு மெயில் போட்டுக் கேளுங்க, கேட்கிறதுக்குக் காசு இல்லை.

அந்த நோட்டை மட்டும் தூக்கிப் போடாதீங்க. கஸ்டமர் கேருக்கு ஃபோன் பண்ணி "நெட் சரியில்லை"ன்னு சொன்னா "ரீஸ்டார்ட் பண்ணுங்க"ன்னுதான் பதில் வரும். "மூணு நாளா மதியம் 2 மணிக்கு லேன் கேபிள்லயே டவுன்லோடு 3 எம்.பி.பி.எஸ்., ராத்திரி 40"ன்னு சொல்லிப் பாருங்க, பேச்சே வேற மாதிரி போகும். நாளைக்குக் காலை 7 மணிக்கு முதல் வரியை எழுதிடுங்க.